காரீயம் கடினமாகும் வகை

காரீயத் துண்டு ஒன்றைக் கையில் எடுத்துக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திக் கீறிப் பாருங்கள். கோடு விழும். நாம் அன்றாடம் புழங்கும் உலோகங்களுள் நகத்துக்கு இப்படி இணங்கிக் கொடுப்பவை மிகச் சிலவே. கல்லில் தட்டினால் வெண்கலத்தைப்போல் கணீரென ஒலிக்காது. ஈர மண்ணைத் தட்டியதுபோல் மழுங்கிய ஓசைதான் எழும். பார்த்து முடித்தபின் கையைச் சவுக்காரமிட்டுக் கழுவிவிடுங்கள். ஏன் என்பதை இப்பேச்சின் இறுதியில் கூறுகிறேன்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். தமிழில் ஈயம் என்ற சொல் இரண்டு உலோகங்களைக் குறிக்கிறது. நம் வீடுகளில் ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. வெள்ளீயம் உணவுக்குத் தீங்கற்றது. இன்று நாம் பேசப்போவது காரீயம். அதுவோ நஞ்சு. இரண்டும் பளபளப்பில் ஒத்திருப்பதாலும், காரீயம் மிக மலிவாகக் கிடைப்பதாலும், சொம்பில் அதைக் கலந்து விற்போர் உண்டு. புளியின் அமிலம் அதைச் சிறுகச் சிறுகக் கரைத்து ரசத்தில் சேர்த்துவிடும். ஆகவே, ஒரு மென்மையான உலோகத்தில் இன்னொன்றைக் கலப்பது என்பது அறிவியலாளர்க்கு மட்டும் உரிய செய்தியன்று.

இத்துணை மென்மையான பொருளைத் துப்பாக்கிக் குண்டுக்குத் தேர்ந்தது ஏன்? அது கனமானது, ஒரு கன சென்டிமீட்டர் காரீயம் 11.34 கிராம் நிறையுள்ளது. கனமான குண்டு காற்றின் தடையை எதிர்த்து நெடுந்தொலைவு செல்லும். அதனினும் முக்கியமான காரணம், அது 327 டிகிரி சென்டிகிரேடிலேயே உருகிவிடுவது. உலைக்களமும் துருத்தியும் வேண்டா. அடுப்பங்கரை நெருப்பும் ஓர் இரும்புக் கரண்டியும் போதும். 1776 ஜூலை மாதம் நியூயார்க் நகரத்தில், விடுதலைப் பிரகடனம் படிக்கப்பட்ட அன்று, மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பொன்முலாம் பூசிய காரீயச் சிலையை மக்கள் கவிழ்த்தார்கள். அதன் துண்டுகள் கனெக்டிகட் மாநிலத்து லிச்பீல்டு என்னும் ஊருக்கு வண்டியேறிச் சென்றன. அங்கே பெண்களும் சிறுவர்களும் வீட்டு நெருப்பில் உருக்கி வார்த்த குண்டுகளின் கணக்கு இன்றும் இருக்கிறது: 42,088. அமெரிக்காவில் குறிபார்த்துச் சுடும் விளையாட்டில் ஈடுபட்டவர்கள் தம் குண்டுகளைத் தாமே வார்த்துக்கொள்ளும் வழக்கம் இன்றளவும் தொடர்கிறது. அவர்கள் பேச்சில் ஓயாமல் அடிபடும் பொருள், காரீயத்தை எவ்வாறு, எவ்வளவு கடினமாக்குவது என்பதே.

உள்வரி இல்லாத பழைய துப்பாக்கிக்கு இந்தக் கவலை கிடையாது. குழலைவிடச் சற்றுச் சிறிய உருண்டையை மேலிருந்து போட்டால் அது உருண்டு இறங்கும்; வெடிமருந்து அதை வெளியே தள்ளும். குழலின் உட்புறத்தில் திருகு வரிகளை வெட்டிக் குண்டைச் சுழலச்செய்தால் அது குறி தவறாமல் செல்லும் என்று கண்டபின்தான் சிக்கல் தொடங்கியது. குண்டு வரியைக் கவ்விப் பிடிக்கவேண்டும். ஆனால் குழலின் வாய்வழியே எளிதாக இறங்கவும் வேண்டும். 1849-இல் மினியே என்ற பிரெஞ்சுப் படைத்தலைவர் இதற்கு வழி கண்டார். அடிப்புறம் குழிந்த நீள்குண்டு ஒன்றை அமைத்தார். மருந்து வெடித்ததும் அந்தக் குழிவின் விளிம்பு விரிந்து வரிகளில் பதிந்துகொள்ளும். இது நடக்கவேண்டுமானால் காரீயம் கலப்பற்றதாய், மிக மென்மையாய் இருத்தல் வேண்டும். ஆங்கிலேயர் 1853-ஆம் ஆண்டு மாதிரியான என்பீல்டு துப்பாக்கியில் இம்முறையையே கையாண்டனர். மென்மையான குண்டு வரிக்குழலில் வழுக்கிச் செல்ல மசகு தேவைப்பட்டது. குண்டைப் பொதிந்த காகிதத்தில் கொழுப்பு தடவப்பட்டது. அது பசுவினுடையதா, பன்றியினுடையதா என்ற ஐயம் 1857 ஜனவரியில் கல்கத்தாவை அடுத்த டம்டம் பாசறையில் கிளம்பியது. அதன் பின்விளைவை நேயர்கள் நன்கறிவார்கள்.

அதே டம்டம் நாற்பது ஆண்டுக்குள் இரண்டாம் முறையும் இக்கதையில் தலைகாட்டுகிறது. 1884-இல் பிரான்சில் வியேல் என்ற வேதியியலார் புகையற்ற வெடிமருந்தை உருவாக்கினார். குண்டின் வேகம் ஒரே பாய்ச்சலில் உயர்ந்தது. இந்தியப் படையிலும் நெடுங்காலம் வழங்கிய.303 துப்பாக்கியின் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 2000 அடி வேகத்தில் புறப்பட்டது. அந்த வேகத்தில் வெறுங் காரீயம் வரிகளைக் கவ்வி நில்லாது வழுகிச் சிதைந்து, குழலின் உட்புறமெங்கும் மெழுகுபோல் அப்பிக்கொள்ளும். இதற்கு இராணுவங்கள் கண்ட வழி, காரீயத்தின்மேல் செம்பு-நிக்கல் கலவையால் ஓர் உறை மாட்டுவது. டம்டம் ஆயுதத் தொழிற்சாலையில் பெர்ட்டி கிளே என்ற அதிகாரி, அந்த உறையை முனையில் மட்டும் நீக்கிக் காரீயம் வெளியே தெரியுமாறு விட்டார். உடலுக்குள் புகுந்ததும் மென்மையான முனை பூப்போல விரிந்து கொடிய புண்ணை உண்டாக்கியது. 1899-இல் ஹேக் நகரில் கூடிய நாடுகள், மனித உடலில் எளிதில் விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்துவதில்லை என்று அறிவித்தன. நம் நாட்டுச் சிற்றூர் ஒன்றின் பெயர், அது விரும்பாத வகையில், உலக மொழிகளில் ஏறிவிட்டது. காரீயத்தின் மென்மையும் கடினமும் எவ்வளவு பெரிய செய்திகளோடு பின்னிக்கிடக்கின்றன என்பதற்கு இதைச் சொன்னேன்.

உறை மாட்டுவது தொழிற்சாலை வேலை. வீட்டில் வார்ப்பவன் செய்யக்கூடியது, காரீயத்தையே கடினமாக்குவது. எப்படி?

இரும்பையும் செம்பையும் சுத்தியலால் அடித்தால் அவை இறுகும் என்பது கன்னாருக்கும் கொல்லருக்கும் தெரியும். காரீயத்தை நாள் முழுவதும் அடித்தாலும் அது இறுகுவதில்லை. காரணம் வியப்பானது. அடிபட்டுக் குலைந்த உலோகம் சூடேறினால் அதன் படிகங்கள் மீண்டும் புதிதாக அமைந்து, பழைய மென்மை திரும்பிவிடும். செம்புக்கு அந்தச் சூட்டை நாம் நெருப்பிலிட்டுத்தான் ஊட்டவேண்டும். காரீயத்துக்கோ நம் அறையின் சாதாரண வெப்பமே போதுமான சூடு. சுழிவெப்பத்திலிருந்து எண்ணும் கெல்வின் அளவில் அது உருகுவது 600 டிகிரியில். நம் அறை வெப்பம் அதில் பாதி, 300 டிகிரி. ஆகவே அடித்த அடியைக் காரீயம் உடனுக்குடன் மறந்துவிடுகிறது.

உலோகம் வளைவது அல்லது நசுங்குவது என்பது என்ன? ஒரு பெரிய ஜமக்காளம் கூடத்தில் விரித்துக்கிடக்கிறது. அதை ஒரு சாண் தள்ளவேண்டும். முழுவதையும் பிடித்து இழுப்பது கடினம். ஒரு முனையில் சிறு மடிப்பை உண்டாக்கி அந்த மடிப்பை மறுமுனைவரை காலால் தள்ளிக்கொண்டு போனால், ஜமக்காளம் எளிதாக நகர்ந்துவிடும். படிகத்தில் உள்ள அணு அடுக்குகளும் இப்படித்தான், சிறு மடிப்பு போன்ற பிறழ்வுகள் ஓடுவதால் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குகின்றன. 1934-இல் டெய்லர், ஒரோவன், போலானி என்ற மூவர் தனித்தனியே இக்கருத்தை வெளியிட்டார்கள். ஜமக்காளத்தின்மேல் ஆங்காங்கே அம்மிக்குழவிகளை வைத்துவிட்டால் மடிப்பு ஓடமுடியாமல் முட்டி நின்றுவிடும் அல்லவா? காரீயத்தைக் கடினமாக்குவது என்பது, அதன் படிகத்துக்குள் அத்தகைய குழவிகளை இட்டு வைப்பதே.

இவ்வேலைக்கு மிகவும் உகந்தது ஆண்டிமனி. நம் முன்னோர் கண்ணுக்கு மையாக இட்ட அஞ்சனக்கல்லிலிருந்து கிடைக்கும் உலோகம் அது. தனியே இருக்கையில் கண்ணாடிபோல் நொறுங்கும் இயல்புடையது. காரீயத்தில் கலந்தால் அதற்கு வன்மையை ஊட்டுகிறது. அடுத்தது வெள்ளீயம். இது சிறிதளவே கடினமாக்கும். ஆனால் உருகிய கலவையின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைப்பதால், வார்ப்பச்சின் மூலைமுடுக்குகளிலெல்லாம் கலவை சென்று நிரம்பும். குண்டின் விளிம்புகள் கூர்மையாக விழும். ஆண்டிமனியோடு சேர்ந்து அதன் நொறுங்கும் இயல்பையும் மட்டுப்படுத்தும். வெள்ளீயம் விலை மிக்கது; ஆண்டிமனியின் அளவுக்குமேல் அதைச் சேர்ப்பதால் பயன் அதிகமில்லை.

கடினத்தை அளக்கும் எளிய முறையை, சுவீடன் நாட்டுப் பொறியாளர் பிரினெல் 1900-இல் பாரிசில் உலகுக்குக் காட்டினார். எஃகு உருண்டையை ஒரு குறிப்பிட்ட பளுவால் உலோகத்தில் அழுத்தி, விழும் பள்ளத்தின் அகலத்தைக்கொண்டு எண் கணிப்பது அம்முறை. தூய காரீயத்தின் எண் ஏறத்தாழ 5. இருபது பங்கு காரீயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம் சேர்த்தால் 10. காரீயம் நூற்றுக்கு 90, ஆண்டிமனி 5, வெள்ளீயம் 5 என்ற கலவை அமெரிக்க வார்ப்பாளரிடையே புகழ்பெற்றது. அதன் எண் 15. அச்சகத்து லைனோடைப் பொறியில் பயன்பட்ட உலோகம் 22 வரை செல்லும்.

லைனோடைப் உலோகத்தைப்பற்றிச் சற்றே நின்று பேசவேண்டும். காரீயத்தைக் கடினமாக்கும் கலையைக் குண்டு வார்ப்போரைவிட நுட்பமாக வளர்த்தவர்கள் எழுத்து வார்ப்போரே. தூய காரீயத்தில் எழுத்து வார்த்தால் நூறு படி அச்சடிப்பதற்குள் முகம் தேய்ந்துவிடும். நூற்றுக்கு 84 காரீயம், 12 ஆண்டிமனி, 4 வெள்ளீயம் என்ற அளவில் கலந்தால், அது ஏறத்தாழ 240 டிகிரியிலேயே உருகுகிறது. கலவை, தன் உறுப்புகளுள் பெரும்பங்கான காரீயத்தைவிடக் குறைந்த வெப்பத்தில் உருகுவது மட்டுமன்று. குழம்பு நிலையில் தயங்காமல் ஒரே கணத்தில் உறைந்தும் விடுகிறது. வரி வரியாக வார்த்துத் தள்ளும் பொறிக்கு வேறென்ன வேண்டும்? ஒளியச்சு வந்து பழைய முறை மறைந்தபோது, இவ்வுலோகம் டன் கணக்கில் பழைய சரக்குக் கடைகளுக்குப் போயிற்று. குறிபார்ப்போர் அதை வாங்கி மென்காரீயத்தோடு கலந்துகொண்டனர். நாளிதழின் தலையங்கம் துப்பாக்கிக் குண்டாகும் அந்த வேடிக்கையை நினைத்தால் எனக்குச் சற்று வருத்தமாகத்தான் இருக்கிறது.

கலவையின் அளவை மாற்றாமலே கடினத்தைக் கூட்டவும் ஒரு வழி உண்டு. ஆண்டிமனி சூடான காரீயத்தில் நன்றாகக் கரையும். 252 டிகிரி வெப்பத்தில் நூற்றுக்கு மூன்றரைப் பங்குவரை திண்ம நிலையிலேயே கரைந்திருக்கும். ஆறினால் அரைப் பங்குகூடக் கரைந்து நில்லாது. மெல்ல ஆறவிட்டால், மிகுந்த ஆண்டிமனி பெரிய துகள்களாகத் திரண்டு வெளிவரும். சில பெரிய குழவிகளால் ஜமக்காளத்தின் மடிப்பை முற்றிலும் தடுக்கமுடியாது. அச்சிலிருந்து விழும் குண்டை அப்படியே தண்ணீரில் விழச்செய்தால், வெளிவர நேரமின்றி ஆண்டிமனி உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. பின்னர் மணிக்கணக்கில், நாள்கணக்கில், எண்ணற்ற நுண்துகள்களாகப் பிரிந்து படிகமெங்கும் பரவுகிறது. மெதுவாக ஆறியபோது 10 என்றிருந்த பிரினெல் எண், இம்முறையில் சில நாட்களில் 18-ஐயும் தாண்டுவதுண்டு. சிறிதளவு ஆர்சனிக் இருந்தால் இது இன்னும் விரைவாக நடக்கும். இந்த 'வயதாகி இறுகும்' தன்மையை அலுமினியக் கலவையில் 1906-இல் கண்டவர் ஜெர்மானியரான வில்ம். விமானத்தின் உடல் உறுதி பெற்றது அதனால்தான். காரீயத்தில் இந்த இறுக்கம் நிலையானதன்று. மாதங்களும் ஆண்டுகளும் செல்ல, நுண்துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு பெரிதாகின்றன. கடினம் மெல்ல இறங்குகிறது. இறுகிய குண்டை அளவுச் சட்டத்தில் நெருக்கிச் சரிசெய்தாலும் அதன் மேற்பரப்பு மென்மையாகிவிடும். மற்ற உலோகங்களில் அடித்தால் இறுகும்; இங்கே அடித்தால் இளகுகிறது.

அப்படியானால் எவ்வளவு கடினமோ அவ்வளவு நன்று என்று எண்ணத் தோன்றும். இவ்விடத்தில்தான் பெரும்பாலோர் வழி தவறுகிறார்கள். குழலில் காரீயம் அப்பிக்கொள்வதைப் பார்த்தவன், குண்டு மென்மையாக இருக்கிறது என்று முடிவுகட்டி ஆண்டிமனியைக் கூட்டுகிறான். அப்பல் மிகுகிறது, மேலும் கூட்டுகிறான். நடந்தது என்னவென்றால், வெடியின் அழுத்தத்துக்கு ஏற்றபடி சற்றே பருத்துக் குழலை அடைத்துக்கொள்ளவேண்டிய குண்டு, மிகுந்த கடினத்தால் பருக்க மறுக்கிறது. இடுக்கு வழியே பீறிடும் கொதிவாயு குண்டின் பக்கங்களை உருக்கிக் குழலில் பூசிவிடுகிறது. குறைந்த அழுத்தமுள்ள கைத்துப்பாக்கிக்கு 8 முதல் 12 வரையுள்ள எண்ணே போதும். அதனினும் முதன்மையானது, குண்டு குழலின் உள்ளளவைவிட ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு பெரிதாக இருப்பது. அளவு பொருந்தாத இடத்தில் கடினம் உதவுவதில்லை.

கலவைக்கு வார்ப்பாளர் நாடும் பழஞ்சரக்குகளிலும் கண்ணிகள் உண்டு. மோட்டார்ச் சக்கரங்களைச் சமநிலைப்படுத்தக் கவ்வவைக்கும் எடைத்துண்டுகள் முன்னெல்லாம் ஆண்டிமனி கலந்த காரீயமாக இருந்தன. 2005-இல் ஐரோப்பிய நாடுகள் புதிய மோட்டார் வண்டிகளில் காரீயத் துண்டுகளை விலக்கியபின் துத்தநாகத் துண்டுகள் பெருகிவிட்டன. சிறிதளவு துத்தநாகம் புகுந்தாலும் கலவை கஞ்சிபோலாகி அச்சில் நிரம்பாது. துத்தநாகம் உருகுவது 419 டிகிரியில், ஆகவே வெப்பத்தை அதற்குக் கீழே வைத்தால் அது உருகாமல் மிதக்கும், அள்ளி எறிந்துவிடலாம். மின்கலத் தகடுகளை மட்டும் தொடவே கூடாது. இக்காலத்து மின்கலத் தகட்டில் கால்சியம் இருக்கிறது. அதன் கசடு, ஆண்டிமனியும் ஆர்சனிக்கும் உள்ள உருக்கில் கலந்து, பின்னர் ஈரம் பட்டால், ஸ்டிபீன், ஆர்சீன் என்னும் கொல்லும் வாயுக்கள் எழக்கூடும். ஈரத்தின் தீங்கு அத்துடன் முடிவதில்லை. உருகிய காரீயத்துக்கு அடியில் ஒரு துளி நீர் அகப்பட்டால், அது ஆயிரம் மடங்குக்குமேல் ஆவியாகப் பெருகி உருக்கை முகத்தில் வாரி இறைக்கும். சிறுவயதில் ஓர் அச்சகத்தில், தேய்ந்த எழுத்துகளை உருக்கும் சட்டியில் ஈரக் கரண்டி விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். கூரை ஓட்டில் ஒட்டிய ஈயப் பொட்டுகளைப் பின்பு எண்ணமுடியவில்லை. எவர் கண்ணும் போகாதது நல்லூழ்.

நம் நாட்டில் இவ்வேலையைத் தம் விருப்பம்போல் செய்ய இடமில்லை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இன்றித் தோட்டா செய்வது குற்றம். தோட்டாவின் பகுதிகளும் அவற்றைச் செய்யும் கருவிகளும் அச்சட்டத்தில் அடங்கும். ஆனால் காரீயத்தை உருக்குவோர் இங்கே இல்லாமலில்லை. பழைய மின்கலங்களை உடைத்து வீட்டுக் கொல்லையில் உருக்குவோர் பல நகரங்களின் ஓரங்களில் இருக்கின்றனர். அவர்களுக்கு இதன் வேதியியலை எடுத்துச் சொல்வாரில்லை.

தொடக்கத்தில் கையைக் கழுவச் சொன்ன காரணத்துக்கு வருகிறேன். காரீயத்தின் ஆவியைத்தான் எல்லோரும் அஞ்சுகிறார்கள். 400 டிகிரிக்கு உட்பட்ட உருக்கிலிருந்து எழும் ஆவி சொற்பமே. தீங்கு பெரிதும் தூளில் இருக்கிறது. உருக்கின்மேல் படரும் சாம்பல்நிறக் கசடு, அதை வழித்தெடுக்கையில் பறக்கும் பொடி, கையிலும் வேட்டியிலும் ஒட்டியது ஆகியவை சோற்றோடு வாய்க்குள் போகின்றன. எழுத்துக் கோத்த கையோடு வெற்றிலை மடித்துப் போட்டுக்கொண்ட அச்சுக்கோப்பாளர்களை நான் அறிவேன். உடலில் புகுந்த காரீயம் எலும்பில் சுண்ணத்தின் இடத்தைப் பிடித்து ஆண்டுக்கணக்கில் தங்கும். வளர்ந்தோர்க்கு இரத்த அழுத்தமும் சிறுநீரகக் கேடும் உண்டாகும். குழந்தைக்கோ வளரும் மூளையே தாக்குறும், அது பின்னர் மீள்வதில்லை. ஐ.நா. குழந்தைகள் நிதியமும் ப்யூர் எர்த் என்ற அமைப்பும் 2020-இல் வெளியிட்ட அறிக்கை, இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்குமேல் காரீயம் உள்ள குழந்தைகள் இந்தியாவில் மட்டும் 27 கோடிக்கு மேற்பட்டோர் எனக் கணித்தது.

ஆகவே உருக்குபவர் காற்றோட்டமான வெளியில் நின்று செய்யவேண்டும்; அவ்விடத்தில் உண்பதும் புகைப்பதும் ஆகாது. கசடை உலர்ந்த நிலையில் கிளறாமல் மூடியுள்ள தகரத்தில் இடவேண்டும். வேலை உடையைக் குழந்தைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது. தரையைப் பெருக்கினால் தூள் எழும்; ஈரத் துணியால் துடைத்தெடுப்பதே முறை. கருவுற்ற பெண்களும் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளும் அப்பக்கம் வரவே கூடாது.